குறைந்த பணத்தில் சத்தான சாப்பாடு: நால்வர் வீட்டின் ஒரு வாரக் கணக்கு

பெரியவர்கள் இருவர், எடை 70 கிலோவும் 55 கிலோவும். பிள்ளைகள் இருவர்: 10 வயதுக்காரர் 30 கிலோ, 6 வயதுக்காரர் 20 கிலோ. வாரச் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கும் பணத்தைக் கூட்ட வழியில்லை. அந்தப் பணம் முழுவதையும் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஓடும். இது கணக்குக்காக அமைத்த மாதிரி வீடு. விலைகள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கும் என்று காட்ட மட்டுமே இங்கே எண்கள் வருகின்றன. படிப்பவர் தம் பில்லில் இருக்கும் எண்ணை அந்தந்த இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டின் குறை, எங்கும் கேட்கிற குறைதான்: சத்தாகச் சாப்பிட இந்தப் பணம் போதவில்லை.

முதல் வாரத்து பில்

தானியமும் மாவும் 7 கிலோ, 14 பங்கு. பிஸ்கட், நொறுக்குத்தீனி, இனிப்பு ரொட்டி, குளிர்பானம் எல்லாம் சேர்ந்து 26. எலும்பில்லாத கோழி ஒன்றரை கிலோ, 18. பால் 7 லிட்டர், 10.5. முட்டை 10, 3.5. காய்கறியும் பழமும் 6 கிலோ, 15. எண்ணெய், சர்க்கரை, மசாலா 6. சூடுபடுத்தினால் போதும் என்கிற பாக்கெட் சாப்பாடும் டப்பாவில் அடைத்த பயறும் 7.

எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று பேசும் முன் உடம்புக்கு எவ்வளவு தேவை என்று எழுதிவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் கடைக்குப் போனால் தள்ளுபடி அட்டைதான் முடிவெடுக்கும்.

முதலில் புரதம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் 2007இல் வெளியிட்ட அளவுப்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். வளரும் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதலாக 0.9 என்று வைத்தால், நால்வருக்கும் சேர்த்து நாளுக்கு 150 கிராம். அடுத்து காய்கறி, பழம்: 10 வயது முதல் ஆளுக்கு 400 கிராம், 6 முதல் 9 வயதுக்கு 350 கிராம். உருளைக்கிழங்கு போன்ற மாவுக்கிழங்குகள் இந்தக் கணக்கில் சேராது. ஆக நாளுக்கு 1,550 கிராம், வாரத்துக்கு ஏறக்குறைய 11 கிலோ. அதுவும் தோலும் காம்பும் போக, வாய்க்குள் போகிற எடை. கலோரி நாளுக்கு 7,600 அளவில் இருந்தால் போதும்.

இப்போது பில்லை இதன் மேல் வைத்துப் பார்த்தால் வீட்டார் நினைத்ததற்கு நேர்மாறாக வருகிறது. தானியத்திலிருந்து வாரத்துக்கு 630 கிராம் புரதம், கோழியிலிருந்து 315, பாலிலிருந்து 231, மீதியிலிருந்து இன்னும் 250 கிராம் அளவில். நாளுக்கு 200க்கு மேல் வருகிறது. புரதம் குறையவே இல்லை. ஆனால் அதற்காகத்தான் 18 பங்கு கோழிக்குப் போயிருக்கிறது. கலோரியும் குறையவில்லை. குறைவது காய்கறி. 6 கிலோ வாங்கியதில் தோல், காம்பு, விதை என்று 900 கிராம் போனது. அழுகியும் வாடியும் குப்பைக்குப் போனது ஒன்றரை கிலோ. தட்டில் இறங்கியது 3.6 கிலோ, தேவையில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த ஆய்வின் மையம் இதுதான். இறுக்கமான வரவுசெலவில் உலர் பயறையும் முட்டையையும் சேர்ப்பது புரதத்தைக் கூட்ட அல்ல. ஏற்கெனவே போதுமான அளவில் இருக்கும் புரதத்தை மலிவாக்கி, அதில் மிஞ்சும் பணத்தைக் காய்கறிக்கு மாற்ற. பயறோடு நார்ச்சத்தும் ஃபோலேட் என்னும் பி வைட்டமினும் இரும்பும் வருவது கூடுதல் லாபம்.

விலைச்சீட்டில் இருப்பதும் தட்டில் இருப்பதும்

காய்கறிக்குக் கிலோவுக்கு 2.5 பங்கு கொடுத்ததாக வீடு நினைக்கிறது. 15 பங்கை 3.6 கிலோவால் வகுத்தால் 4.2 வருகிறது. உண்மையான விலை அதுதான். கடைக்காரரிடம் பேரம் பேசி அரைப் பங்கு குறைப்பதைவிட, அழுகும் ஒன்றரை கிலோவை அரைக் கிலோவாக்குவது பெரிய சேமிப்பு. இந்தச் சிக்கல் ஒரு வீட்டோடு நிற்பதல்ல. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில்.

தோலும் கொட்டையும் போக மிஞ்சுவதைக் கணக்கில் எடுக்காதவர்கள் பட்டாணியில் ஏமாறுவார்கள். தோலோடு இருக்கும் பச்சைப் பட்டாணி கிலோ 3 பங்கு, உரித்து உறையவைத்தது கிலோ 6 பங்கு என்றால் முதலாவது பாதி விலை போலத் தெரியும். தோலோடு உள்ளதில் 38 முதல் 40 சதவீதம்தான் பட்டாணி. 3ஐ 0.38ஆல் வகுத்தால் 7.9. உறைந்ததுதான் மலிவு, உரிக்கும் நேரமும் மிச்சம். அதில் சத்தும் பெரிதாகக் குறைவதில்லை, பறித்ததும் சற்று நேரம் வெந்நீரில் போட்டெடுத்து உறையவைப்பதால். பாக்கெட்டை அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்: மணி மணியாக உதிராமல் ஒரே கட்டியாக இருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்த சரக்கு.

கோழியும் இதே கணக்குதான். முழுக்கோழியில் உண்ணக்கூடியது ஏறக்குறைய 65 சதவீதம். எலும்பில்லாதது கிலோ 12 பங்கு என்றால், முழுக்கோழி கிலோ 7.8க்குக் கீழே இருந்தால்தான் லாபம். இந்த வீட்டுக்கு 7க்குக் கிடைக்கிறது. எலும்பை வேகவைத்த தண்ணீர் ஒருநாள் சூப்புக்கு ஆகும். 8க்கு விற்றால் முழுக்கோழி வாங்குவது வெறும் திருப்திதான்.

டப்பாப் பயறில் 400 கிராம் என்று எழுதியிருக்கும். தண்ணீரை வடித்தால் 240 கிராம். அதற்குச் சமம் 100 கிராம் உலர் பயறு. அதாவது ஒரு கிலோ உலர் பயறு 10 டப்பாவுக்குச் சமம். எரிபொருளையும் சேர்த்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

எண்ணெயில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய் 920 கிராம்தான். ஒரு பாக்கெட்டில் லிட்டர், பக்கத்துப் பாக்கெட்டில் கிலோ என்று இருந்தால் விலை ஒன்றே ஆனாலும் 8 சதவீதம் வித்தியாசம்.

எந்த அளவுகோல்?

சத்தான உணவு விலை அதிகமா என்ற கேள்விக்கு விடை, எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கலோரியால் வகுத்தால் எண்ணெய், சர்க்கரை, மாவு ஆகியவை மலிவாகவும் கீரை படுவிலையாகவும் தெரியும். ஒரு தட்டின் அளவால் வகுத்தால் பல காய்கறிகள் நொறுக்குத்தீனியைவிட மலிவு. அமெரிக்க வேளாண் துறையின் 2012ஆம் ஆண்டு அறிக்கை இதையேதான் காட்டியது. நடைமுறையில் ஒரே அளவுகோலை எல்லாவற்றுக்கும் பிடிக்கக் கூடாது. தானியம், எண்ணெய், கிழங்குக்குக் கலோரி. பயறு, முட்டை, பால், இறைச்சிக்குப் புரதம். காய்கறிக்கும் பழத்துக்கும் உண்ணும் எடை.

புரத அளவுகோலை இந்த வீட்டின் விலைகளில் வைத்துப் பார்ப்போம். 100 கிராம் புரதம் உலர் பயறில் 1.7 பங்கு, வேர்க்கடலையில் 2, பாலில் 4.5, எலும்பில்லாத கோழியில் 5.7, முட்டையில் 5.8. முட்டை ஏன் அப்படியானால்? பயறில் இல்லாத வைட்டமின் பி12 அதில் இருக்கிறது, 10 நிமிடத்தில் சாப்பாடு தயார், பிள்ளைகள் மறுக்காமல் சாப்பிடுகிறார்கள். மூன்றாவது காரணத்தை எந்தச் சூத்திரமும் எண்ணுவதில்லை. பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945இல் 77 உணவுகளை எடுத்துக்கொண்டு, ஒரு மனிதனுக்குத் தேவையான சத்துகள் எல்லாம் மிகக் குறைந்த செலவில் கிடைக்கக் கணக்குப் போட்டார். விடையாக வந்தவை ஐந்தே பொருள்கள்: கோதுமை மாவு, கெட்டிப்பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர் பீன்ஸ். கணக்கில் பிழையில்லை, ஆனால் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும் வீடு இருக்காது. ஸ்டிக்லரே இதை யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை.

மாற்றிய பில்

தானியம், மாவு 6 கிலோ: 12
உருளைக்கிழங்கு 2 கிலோ: 3
உலர் பயறு, பருப்பு 2 கிலோ: 8
முட்டை 24: 8.4
பால் 7 லிட்டர்: 10.5
முழுக்கோழி 1.4 கிலோ: 9.8
கோழி ஈரல் 200 கிராம்: 1
காய்கறி, பழம் 13 கிலோ: 27.3
வேர்க்கடலை அரைக் கிலோ: 2.5
எண்ணெய், உப்பு, மசாலா, சர்க்கரை: 6
பிஸ்கட், இனிப்பு: 4
கையிருப்பு: 7.5

காய்கறியின் சராசரி விலை 2.5இலிருந்து 2.1ஆக இறங்கியிருப்பது தற்செயல் அல்ல. 13 கிலோவில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸ், காரட், பூசணி, வெங்காயம் போல எடை நிற்பவை. மீதி அந்தப் பருவத்தில் குவிந்து கிடப்பவை. புரதம் நாளுக்கு 260 கிராம், தேவையைவிட நன்றாகவே அதிகம். கலோரி 7,800க்கு அருகில்.

ஈரல் ஏன் வந்தது என்று கேட்கலாம். இந்தக் கூடையின் பலவீனம் பி12. முட்டையும் ஆளுக்கு 250 மில்லி பாலும் சேர்ந்து நாளுக்கு 1.5 மைக்ரோகிராமைத்தான் எட்டும். பெரியவர்களுக்கு வேண்டியது 2.4. வாரம் ஒருமுறை 200 கிராம் ஈரலை நால்வரும் பகிர்ந்துகொண்டால் அந்தப் பள்ளம் நிரம்பும், இரும்பும் கிடைக்கும். கருவுற்றவர்கள் ஈரலைத் தவிர்க்க வேண்டும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். இறைச்சி, முட்டை, பால் எதுவுமே தொடாத வீடு பி12 சேர்த்த உணவையோ மாத்திரையையோ நாடத்தான் வேண்டும். பயறை எவ்வளவு கூட்டினாலும் அது வராது.

பயறு: மலிவான பொருள் வீணாகும் இடம்

உலர் பயறு வாங்கி வந்த வீடுகளில் பாதிப் பாக்கெட் அலமாரியிலேயே கிடப்பதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுவார்கள். தினம் ஊறவைத்து தினம் வேகவைக்கும் முறைதான் குற்றவாளி. வாரத்துக்கு இரண்டு முறை, மொத்தமாகச் செய்ய வேண்டும்.

ஒரு தடவைக்கு 700 கிராம் முழுப்பயறு. 2 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர், லிட்டருக்கு 15 கிராம் உப்பு, 8 முதல் 10 மணி நேரம் ஊறல். உப்புப் போட்டால் வேகாது என்பது பழைய நம்பிக்கை. உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தை இடம்பெயர்த்துத் தோலை இளக்குகிறது. வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜுக்குள் ஊறவையுங்கள், வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, அலசி, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் 1.6 கிலோவுக்கு மேல் கிடைக்கும். 400 கிராம் வீதம் நான்கு பொட்டலமாக்கித் தட்டையாக அமுக்கி ஃப்ரீசரில் வைத்தால் கால் மணி நேரத்தில் இளகும். உருண்டையாக வைத்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

வேகாத பயறுக்குக் காரணங்கள் மூன்று. பழைய சரக்கு: ஓராண்டுக்கு மேல் வெப்பமான இடத்தில் கிடந்த பயறு எவ்வளவு ஊறினாலும் கல்லாகவே இருக்கும். கடினத் தண்ணீர்: இதற்குச் சமையல் சோடா உதவும், 700 கிராமுக்குக் கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் வைட்டமின் பி1 அழியும், சோப்பு வாடை வரும். மூன்றாவது, அவசரப்பட்டுத் தக்காளியையோ புளிப்பையோ முதலிலேயே போடுவது. பயறு நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் புளிப்பு.

ராஜ்மாவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ இருந்தால் அதிலுள்ள லெக்டின் என்ற நஞ்சு நான்கைந்து மணிகளிலேயே கடும் வாந்தியை வரவழைக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, தளதளவென்று கொதிக்கும் நீரில் 10 நிமிடமாவது வேகவிட வேண்டும். 30 நிமிடம் என்றால் கவலையே இல்லை. மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடக் கூடாது. கொதிநிலைக்கு வராத சூடு அந்த நஞ்சைக் கூட்டவே செய்யும்.

வாயுத் தொல்லை வந்ததும் பயறையே கைவிடுபவர்கள் உண்டு. முதல் வாரம் ஆளுக்கு நாளுக்கு 20 கிராம் உலர் எடையில் தொடங்கி மூன்று வாரத்தில் 70க்கு ஏறினால் குடல் பழகிக்கொள்ளும். பயறு சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ பச்சை முட்டைக்கோஸோ தக்காளியோ இருந்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். உணவோடு தேநீர் குடித்தால் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

13 கிலோவை அழுகாமல் காப்பது

வாரத்துக்கு ஒருமுறை 13 கிலோவும் வாங்கினால் பழைய கதைதான். முதல் நாள் 8 கிலோ, நான்காம் நாள் 5 கிலோ என்று பிரியுங்கள். சமைக்கும் வரிசை ஆசைப்படி அல்ல, ஆயுள்படி: முதல் இரண்டு நாள் கீரை, அடுத்த இரண்டு நாள் தக்காளி, பீன்ஸ், கடைசியில் முட்டைக்கோஸ், காரட், பூசணி.

கீரையைக் கழுவி வைப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் தப்பு. ஈரம் பட்ட இலை இரண்டே நாளில் கொழகொழத்துவிடும். வேரை வெட்டி, அழுகிய இலையைக் களைந்து, உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள்; சமைக்கும்போது கழுவலாம். ஆப்பிளும் பழுக்கும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடுவதால் அவற்றின் பக்கத்தில் கீரை மஞ்சளாகும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட வேண்டாம். உருளை இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும். பச்சை நிறம் ஏறிக் கசக்கும் கிழங்கைத் தூக்கிப் போடுவதில் கஞ்சத்தனம் கூடாது. முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டாமல் மேலிருந்து இலை இலையாக உரித்து எடுத்தால் மிச்சம் பல நாள் கெடாது.

மிஞ்சிய சோற்றை அடுப்பின் மேலேயே விட்டுவிடுவதும் விரயம்தான், ஆபத்தும் கூட. வேகவைத்த பிறகும் பிழைக்கும் கிருமி விதைகள் அதில் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோங்கள். சோற்றை மறுநாளே முடித்துவிடுவது நல்லது, மற்றச் சமையல் மூன்று நாள் தாங்கும்.

திட்டம் உடையும் இடங்கள்

நொறுக்குத்தீனியை 26இலிருந்து 4க்கு ஒரே வாரத்தில் இறக்கினால் இரண்டாம் வாரமே வீட்டில் கலகம் வரும். அதோடு அவசரச் செலவாக 30 பங்கு போய்விடும். 26, 18, 11, 4 என்று நான்கு வாரத்தில் இறக்குங்கள். முதலில் போக வேண்டியது குளிர்பானம்: வயிற்றை நிரப்பாத, ஈடு தேவைப்படாத ஒரே பொருள் அதுதான். பிஸ்கட்டை எடுக்கும் நாளில் அதே நேரத்தில், அதே டப்பாவில் அவித்த வேர்க்கடலையோ முட்டையோ வாழைப்பழமோ இருக்க வேண்டும். வெறும் டப்பாவை யாரும் மன்னிப்பதில்லை. வீட்டில் 5 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் முழுக்கடலை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும், அரைத்துக் கொடுக்கலாம்.

‘பல்தானிய’, ‘இயற்கை’ என்று முன்பக்கம் எழுதிய பாக்கெட்டுகள் இன்னொரு ஓட்டை. திருப்பிப் பாருங்கள். சேர்பொருள்கள் எடை இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்றில் சர்க்கரையும் சுத்திகரித்த மாவும் இருந்தால் அது பிஸ்கட் கணக்கில்தான் போக வேண்டும், தானியக் கணக்கில் அல்ல.

இந்தக் கணக்குக்கு அடுப்பு வேண்டும், ஃப்ரிட்ஜ் வேண்டும், வாரத்தில் இரண்டு முறை இரண்டு மணி நேரம் வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் முழுப்பயறுக்குப் பதில் 20 நிமிடத்தில் வேகும் உடைத்த பருப்பையும், காய்கறிக்கு மூன்று நடையையும் வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் இந்தக் கூடை பொருந்தாது. கூடையையே வாங்க முடியாத அளவு வரவு சிறுத்திருந்தால் எந்தக் கொள்முதல் சாமர்த்தியமும் உதவாது. 2022இல் உலகில் 280 கோடிப் பேருக்கு ஆரோக்கியமான உணவு வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்று ஐ.நா. அமைப்புகள் கணித்தன.

கையிருப்பாக ஒதுக்கிய 7.5 பங்கு நான்கு வாரத்தில் 30 ஆகும். அதில் முதலில் வாங்க வேண்டியது உணவு அல்ல: குக்கருக்குப் புது வளையம், இறுக்கமாக மூடும் இரண்டு டின்கள். அதன் பிறகுதான் விலை இறங்கிய நேரத்தில் 10 கிலோ தானியம். டின் இல்லாமல் மொத்தமாக வாங்கினால் வண்டும் அந்துப்பூச்சியும் தின்றது போகத்தான் நமக்கு. ஃப்ரீசரில் இடம் இருந்தால் வாங்கி வந்த தானியத்தைச் சிறு பைகளாக்கி, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்து, பையைத் திறக்காமலே அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு டின்னில் கொட்டுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும்.